ஒழுங்கு நடவடிக்கையை எதிர்த்து வென்றபின் வக்கீல் ஃபீஸைத் திரும்பப் பெறுவது: அமெரிக்க ஃபெடரல் ஊழியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பணிநீக்க உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்து ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைக்கிறது. இடையில் நின்றுபோன சம்பளம் வட்டியோடு வருகிறது. வக்கீலுக்குக் கொடுத்த பணம் மட்டும் தானாக வருவதில்லை. அதற்குத் தனி மனு போட வேண்டும், தனிக் கெடு இருக்கிறது, தனியாக நிரூபிக்கவும் வேண்டும். வழக்கை முழுதாக ஜெயித்துவிட்டு ஃபீஸ் மனுவில் தோற்பவர்கள் உண்டு. அப்படித் தோற்பதற்கான காரணத்தைத் தேடிப் போனால், முதல் நாள் வக்கீலோடு போட்ட ஒப்பந்தத்திலோ, துறைக்கு எழுதிய முதல் பதில் கடிதத்திலோ, அவசரத்தில் கையெழுத்திட்ட சமரசப் பத்திரத்திலோதான் அது இருக்கும். ஆகவே வழக்கு முடிந்த பிறகு படிப்பதைவிட, நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே இந்த வழிகாட்டியைப் படிப்பது நல்லது.

இங்கே பேசுவது அமெரிக்க மத்திய அரசின் சிவில் ஊழியர்களைப் பற்றி மட்டுமே. மாநில, நகராட்சி ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டம் வேறு.

உங்கள் வழக்கு எந்தக் கதவு வழியாகப் போகிறது?

ஃபீஸ் கேட்கும் உரிமை, வழக்கு எங்கே நடந்தது என்பதைப் பொறுத்தது. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பெரிய தண்டனைகள் மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்‌ஷன் போர்டுக்குப் போகும். 1978-இல் வந்த சிவில் சர்வீஸ் சீர்திருத்தச் சட்டம் உருவாக்கிய அமைப்பு இது. இனி இதை 'வாரியம்' என்றே சொல்வோம். பணிநீக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட சஸ்பென்ஷன், கிரேடு குறைப்பு, சம்பளக் குறைப்பு, 30 நாள் அல்லது அதற்குக் குறைந்த ஃபர்லோ (சம்பளமில்லாத கட்டாய விடுப்பு) ஆகியவற்றை இங்கே எதிர்க்கலாம். மேல்முறையீட்டுக்குக் கெடு பொதுவாக 30 நாள். உத்தரவு அமலுக்கு வந்த நாள், அது உங்கள் கைக்குக் கிடைத்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். முன்னாள் படைவீரர் நலத்துறை தனக்கென இருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தண்டித்திருந்தால் கெடு வெறும் 10 வேலை நாள். அதே துறையின் டாக்டர்கள் மேல் தொழில்திறமை, தொழில்நடத்தை சம்பந்தமாக எடுக்கப்படும் பெரிய நடவடிக்கைகள் வாரியத்துக்கே போகாது. துறையின் உள்ளேயே இருக்கும் டிசிப்ளினரி அப்பீல்ஸ் போர்டுக்குப் போகும். அங்கே பணிபுரியும் டாக்டர்கள் இந்த வழிகாட்டியில் உள்ள வாரிய விதிகளை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

வாரியத்தில் ஜெயித்தவருக்கு ஃபீஸ் தரும் சட்டம், அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் தலைப்பு 5-இல் உள்ள பிரிவு 7701(ஜி). அதில் இரண்டு உட்பிரிவுகள். முதலாவது பொதுவானது, அதற்கு 'நீதியின் நலன்' என்ற கூடுதல் சோதனை உண்டு. இரண்டாவது, இனம், பால், மதம் போன்ற பாகுபாடு நடந்தது என்று வாரியமே முடிவு செய்த வழக்குகளுக்கு. அங்கே சிவில் உரிமைச் சட்டத்தின் அளவுகோல் பொருந்தும், அது ஊழியருக்கு வெகு சாதகம்.

முறைகேட்டை அம்பலப்படுத்தியதற்காகப் பழிவாங்கப்பட்டவர் என்று தீர்ப்பானால் பிரிவு 1221(ஜி) வருகிறது. அங்கே 'தரலாம்' என்ற பேச்சே இல்லை, துறை தந்தாக வேண்டும். நியாயமான பிற செலவுகளும் சேரும். ஒரே வழக்கில் சாதாரண வாதமும் பழிவாங்கல் வாதமும் இருந்தால், நீதிபதி எளிய வாதத்தில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவிடக்கூடும். ஃபீஸ் பார்வையில் அது நஷ்டம். அப்படி ஆகாமல், பழிவாங்கல் பற்றியும் முடிவு சொல்லும்படி வக்கீல் வற்புறுத்த வேண்டும்.

14 நாள் அல்லது அதற்குக் குறைந்த சஸ்பென்ஷனை வாரியத்துக்குக் கொண்டுபோக முடியாது. யூனியன் ஒப்பந்தம் உள்ள இடத்தில் கிரீவன்ஸ் (முறையான குறைப் புகார்) போட்டு ஆர்பிட்ரேட்டர் (நடுவர்) வரை போகலாம். சம்பளம் பிடித்தது தவறு என்று அவர் தீர்ப்பளித்தால் பேக் பே சட்டத்தின்கீழ் (பிரிவு 5596) ஃபீஸும் கேட்கலாம். அளவுகோல் அதே 7701(ஜி)தான். சம்பள இழப்பு இல்லாத எச்சரிக்கைக் கடிதத்துக்கு இந்த வழி திறக்காது. பெரிய தண்டனைகளிலும் யூனியன் ஊழியருக்கு இரண்டு வழியும் உண்டு, ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது மூடிவிடும்.

வக்கீல் ஒப்பந்தம்: பிற்காலத்துக் கட்டணத்தின் உச்சவரம்பு

மணிக்கு 250 டாலர் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஜெயித்தபின் 'சந்தை விலை 450 டாலர்' என்று வாரியத்திடம் கேட்டால் கணக்கு உதைக்கும். ஒப்பந்தத்தில் உள்ள விகிதமே நியாயமான கட்டணத்தின் உச்சம் என்று வாரியம் முதலில் அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்க இரண்டு வழிதான். ஒப்புக்கொண்ட விகிதம் சந்தையைப் பார்த்து வைத்ததல்ல, இதே மாதிரி வேலைக்கு வக்கீலின் வழக்கமான விகிதம் அதைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். அல்லது ஊழியரின் பணக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் குறைத்தார், வழக்கமாக வாங்குவது கணிசமாக அதிகம் என்று காட்ட வேண்டும்.

இதை மூன்று வருடம் கழித்து வாய்வார்த்தையாகச் சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே சலுகை விகிதம் பேசும்போதே ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்க வேண்டும்: வக்கீலின் வழக்கமான விகிதம் இவ்வளவு, கட்சிக்காரரின் வருமானம் நின்றுபோனதால் இவ்வளவாகக் குறைக்கப்படுகிறது, வாரியம் ஃபீஸ் வழங்கினால் வழக்கமான விகிதத்தில் கேட்கப்படும். வக்கீல் இதை எழுதத் தயங்கினால், அவருக்கு வாரிய வழக்குகளில் அவ்வளவு பழக்கமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜெயித்தால் வரும் சம்பள பாக்கியில் ஒரு பங்கு என்று பேசும் ஒப்பந்தமும் உண்டு. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று: துறை தரும் ஃபீஸ், அந்தப் பங்கில் கழிக்கப்படுமா, அல்லது இரண்டையும் வக்கீலே வைத்துக்கொள்வாரா? கழிக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள்.

யூனியன் வக்கீலோ இலவச சட்ட உதவி அமைப்போ வாதாடியிருந்தால், 'நான் ஒரு காசும் கொடுக்கவில்லையே, எதைத் திரும்பக் கேட்பது' என்று விட்டுவிடாதீர்கள். பையிலிருந்து பணம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. வக்கீல்–கட்சிக்காரர் உறவு இருந்ததும், உங்கள் சார்பில் வேலை நடந்ததும் போதும். யூனியனில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலின் வேலைக்கும் சந்தை விகிதத்தில் ஃபீஸ் வழங்கலாம் என்று, வாரியத் தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்குப் போகும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2000-இல் முழு அமர்வாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மாறாக, தனக்குத் தானே வாதாடியவருக்கு ஃபீஸ் இல்லை. அவரே வக்கீலாக இருந்தாலும் இல்லை. வக்கீல் அல்லாத பிரதிநிதிக்கும் (யூனியன் நிர்வாகி, நண்பர், ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி) கிடையாது. வக்கீலின் மேற்பார்வையில் வேலை செய்த பாராலீகல் (சட்ட உதவியாளர்), சட்ட மாணவர் ஆகியோரின் நேரம் அவர்களுக்குரிய விகிதத்தில் சேரும்.

தொழில்பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள். மீட்கப்படும் ஃபீஸ் காப்பீட்டு நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற வரி இருக்கலாம். சூப்பர்வைசர்கள், மேலாளர்கள், சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கு இந்தக் காப்பீட்டின் பிரீமியத்தில் பாதி வரை துறையே திருப்பித் தரும். இந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் முழுப் பிரீமியத்தையும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

பதில் கடிதத்தில் எதையும் மறைத்து வைக்காதீர்கள்

இது ஃபீஸ் பற்றிய கட்டுரையில் ஏன் வருகிறது என்று தோன்றலாம். ஆனால் பணம் தீர்மானமாகும் இடங்களில் இதுதான் முக்கியமானது.

தண்டனை கொடுக்குமுன் துறை பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்; பதில் சொல்லக் குறைந்தது 7 நாள் தர வேண்டும். பலர் 'எல்லாவற்றையும் இப்போதே காட்டினால் துறை உஷாராகிவிடும், விசாரணையில் போட்டு உடைக்கலாம்' என்று சாட்சியையும் மின்னஞ்சலையும் ஒளித்து வைக்கிறார்கள். விசாரணையில் அது வேலை செய்யலாம். ஃபீஸ் மனுவில் அதுவே கழுத்தை நெரிக்கும்.

காரணம் இது. 'நீதியின் நலன்' என்றால் என்ன என்று 1980-இல் ஆலன் எதிர் அமெரிக்கத் தபால் சேவை வழக்கில் வாரியம் ஐந்து உதாரணங்கள் தந்தது. இன்றும் எல்லா ஃபீஸ் மனுவும் இந்த ஐந்தைச் சுற்றித்தான்:

1. துறை, சட்டம் தடைசெய்த பணியாளர் நடைமுறையில் ஈடுபட்டது.
2. நடவடிக்கை சாரமே இல்லாதது அல்லது முற்றிலும் ஆதாரமற்றது. அல்லது ஊழியர் பெருமளவு குற்றமற்றவர்.
3. துறை கெட்ட எண்ணத்தோடு நடவடிக்கை எடுத்தது.
4. பெரிய நடைமுறைத் தவறு செய்து வழக்கை இழுத்தடித்தது அல்லது ஊழியருக்குக் கடும் பாதகம் விளைவித்தது.
5. வழக்கில் நிற்காது என்று துறைக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று போதும். மூன்றாவதை நிரூபிப்பது கடினம். மேலதிகாரி மேல் உள்ள கோபத்தில் மனுவின் பாதியை அதற்கே செலவிடுவது வீண். நாலாவதிலும், தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. துறையின் தவறு ஒரு தட்டிலும், உங்களுக்கு ஏற்பட்ட பாதகமும் சுமையும் மறுதட்டிலும் வைத்து நிறுக்கப்படும். நடைமுறைக் கோளாறுக்காக மட்டும் உத்தரவு ரத்தானவர், அதைக் காட்டி 'பெருமளவு குற்றமற்றவர்' என்று இரண்டாவதன்கீழ் கேட்க முடியாது. அங்கே குற்றச்சாட்டுகளில் எவை நின்றன, எவை விழுந்தன, விழுந்தவை முக்கியமானவையா என்று பார்ப்பார்கள்.

அதிகம் கைகொடுப்பது ஐந்தாவது. அதன் கேள்வி, நடவடிக்கை எடுத்த நேரத்தில் துறையின் கையில் என்ன இருந்தது, கொஞ்சம் கவனமாக விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதே. உங்கள் பதில் கடிதத்தோடு அந்த மின்னஞ்சல் போயிருந்தால், 'தெரிந்திருக்க வேண்டும்' என்று ஒரே வரியில் முடிக்கலாம். விசாரணை நாளில்தான் வெளியே வந்தது என்றால், 'எங்களுக்கு எப்படித் தெரியும்' என்று துறை கைவிரிக்கும். நீதிபதி ஏற்கவும் ஏற்பார். இரு தரப்புச் சாட்சிகளில் யாரை நம்புவது என்பதில் மட்டுமே வழக்கு தொங்கினாலும் ஐந்தாவது பொதுவாகத் தேறாது.

தண்டனை குறைக்கப்பட்ட வழக்குகளிலும் இதே கதைதான். பணிநீக்கத்தை வாரியம் 30 நாள் சஸ்பென்ஷனாகக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். தண்டனையின் அளவை எடைபோட 1981-இன் டக்ளஸ் தீர்ப்பு 12 அம்சங்களைப் பட்டியலிட்டது: பணிக்காலம், முந்தைய ஒழுங்கு வரலாறு, மற்றவர்களுக்கு என்ன தண்டனை, திருந்தும் வாய்ப்பு என்று போகும் அது. அந்த அம்சங்களைப் பற்றிய தகவல் துறையிடம் முன்பே இருந்தும் பணிநீக்கம் செய்தது என்றால் ஐந்தாவது பெரும்பாலும் பொருந்தும். ஆகவே பதில் கடிதத்திலேயே 12 அம்சங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதுங்கள். வேலைத்திறன் குறைவுக்காக 43-ஆம் அத்தியாயத்தின்கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கையில் மட்டும் வாரியம் தண்டனையைக் குறைக்காது. அங்கே முழு வெற்றி அல்லது முழுத் தோல்விதான்.

'ஜெயித்தவர்' என்றால் யார்

துறை நடவடிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டால், ஊழியர் கொண்டாடுவார், ஃபீஸ் போய்விடும். 2001-இல் பக்கானன் வழக்கில் உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்பு தானாக இறங்கிவந்தது வெற்றி ஆகாது, அமல்படுத்தக்கூடிய உத்தரவு வேண்டும் என்றது. வாரியமும் 2004 முதல் அதைப் பின்பற்றுகிறது. விசாரணைக்கு ஒரு வாரம் முன் துறை உத்தரவை ரத்து செய்வது இதனாலும் நடக்கிறது. அப்போது வழக்கு தள்ளுபடியாகும், வக்கீல் செய்த 60 மணி நேர வேலையின் செலவு உங்கள் தலையில்.

எதிர்கொள்ள முதல் வழி, வழக்கு முடிவதை எழுத்திலான சமரசமாக்கி, அதை வாரியத்தின் பதிவில் அமலாக்கத்துக்காகச் சேர்க்கச் சொல்வது. துறை முழு சம்பள பாக்கியையும் சலுகைகளையும் இன்னும் தரவில்லை என்றால் அதைச் சொல்லி வழக்கை உயிரோடு வைக்கவும் இடமுண்டு. முழு நிவாரணம் கிடைக்காதவரை வழக்கு செத்துப்போவதில்லை.

பகுதி வெற்றியும் வெற்றிதான். தண்டனை குறைந்திருந்தாலே நீங்கள் ஜெயித்தவர். ஆனால் வெற்றியின் அளவு, கிடைக்கும் தொகையைக் குறைக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

சமரசப் பத்திரத்தில் அந்த ஒரு வரி

'இரு தரப்பும் தத்தம் செலவை ஏற்கும்' என்ற வரி துறையின் மாதிரிப் பத்திரத்தில் அநேகமாக அச்சாகியே இருக்கும். சில பத்திரங்களில் 'வக்கீல் கட்டணம் உட்பட எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்' என்று வரும். கையெழுத்திட்டால் முடிந்தது. ஃபீஸைக் கைவிடும் சமரசம் செல்லும் என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும் ஃபீஸ் உரிமை ஊழியருடையது, வக்கீலுடையது அல்ல. நீங்கள் விட்டுக்கொடுத்தால் வக்கீல் தடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியதை நீங்கள் தர வேண்டும்.

மூன்று வகையாக எழுதலாம். துறை இவ்வளவு டாலர் ஃபீஸாக, இத்தனை நாளுக்குள், இந்தக் கணக்குக்குத் தரும் என்று தொகையாக எழுதுவது மிகச் சுத்தம். இல்லையென்றால், ஊழியர் ஜெயித்தவர் என்பதையும் நீதியின் நலன் இருப்பதையும் துறை ஒப்புக்கொண்டு, தொகையை மட்டும் நீதிபதி தீர்மானிக்க விடலாம். மூன்றாவது, ஃபீஸ் மனு போடும் உரிமை காக்கப்படுகிறது என்று மட்டும் எழுதுவது. பலவீனம்தான், ஆனால் மௌனமாக விடுவதைவிட மேல்.

கெடுவை எண்ணுதல்

வாரியத்தின் முடிவு இறுதியான நாளிலிருந்து 60 நாளுக்குள் ஃபீஸ் மனு போய்ச் சேர வேண்டும். குழப்பம் 'இறுதியான' என்ற சொல்லில்.

வழக்கை முதலில் விசாரிக்கும் வாரியத்தின் நிர்வாக நீதிபதி தரும் முதல் தீர்ப்பு அன்றே இறுதி ஆகாது. யாரும் மறுஆய்வு கேட்காவிட்டால் 35-ஆம் நாள் இறுதியாகும். தீர்ப்பு 2026 மார்ச் 3 அன்று வந்தால் ஏப்ரல் 7-இல் இறுதி. அதிலிருந்து 60-ஆம் நாள் ஜூன் 6, சனிக்கிழமை. ஆகவே ஜூன் 8, திங்கள் வரை செல்லும். திங்கள்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. இறுதியாகும் தேதி தீர்ப்பிலேயே இருக்கும். 'இந்தத் தீர்ப்பு இன்ன தேதியில் இறுதியாகும்' என்ற வரியைத் தேடி நாட்காட்டியில் குறியுங்கள்.

முன்கூட்டிப் போடுவதும் தவறு. தீர்ப்பு இறுதியாகுமுன் போட்ட மனு, நேரம் வரவில்லை என்று தள்ளப்படலாம். துறை மறுஆய்வு கேட்டுவிட்டால் மத்திய வாரியம் (வாரிய உறுப்பினர்களின் அமர்வு) முடிவு சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். அது எவ்வளவு காலம் என்பது வாரியத்தில் போதிய உறுப்பினர்கள் இருப்பதைப் பொறுத்தது. 2017 ஜனவரியிலிருந்து 2022 மார்ச் வரை கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் ஆயிரக்கணக்கான வழக்குகள் கிடப்பில் கிடந்தன. அத்தனை வருடம் நேரப்பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்தான் பிறகு ஃபீஸ் வாங்கினார்கள். வக்கீல் அலுவலகத்தை மூடுவதும், ஓய்வு பெறுவதும் நடக்கும். பில், நேரப்பதிவு, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் மாதாமாதம் நீங்களே வாங்கி வையுங்கள்.

மனு போக வேண்டிய இடம், முதல் தீர்ப்பு சொன்ன பிராந்திய அல்லது கள அலுவலகம். வாரியத்தின் இ-அப்பீல் தளம் வழியாகவே போடலாம்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்

வாரிய விதி 1201.203 கேட்பது நான்கு: துல்லியமான, அவ்வப்போது எழுதப்பட்ட நேரப்பதிவு, ஒப்பந்தம் இருந்தால் அதன் விதிமுறைகளின் நகல், வக்கீலின் வழக்கமான விகிதமும் அது அவர் வட்டாரத்தில் நிலவும் விகிதத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கான சான்றும், வக்கீல்–கட்சிக்காரர் உறவுக்கான சான்று. இவற்றோடு நீங்கள் ஜெயித்தவர் என்பதையும், நீதியின் நலனையும் தீர்ப்பின் பக்க எண்களைக் காட்டி வாதமாக எழுத வேண்டும்.

விகிதத்துக்கு வக்கீலின் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் மெலிந்த சான்று. எத்தனை வருட அனுபவம், எத்தனை வாரிய வழக்குகள், மற்றக் கட்சிக்காரர்கள் இதே காலத்தில் என்ன கொடுத்தார்கள் என்று பத்திரத்தில் வரட்டும். கூடவே அதே ஊரில் ஃபெடரல் ஊழியர் வழக்குகளை நடத்தும் வேறு இரண்டு வக்கீல்களின் பத்திரம் வாங்கிச் சேர்த்தால் துறை பெரும்பாலும் விகிதத்தைத் தொடாது. முன்பு இவருக்கு வாரியமே வழங்கிய விகிதம் ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

நேரப்பதிவு ஆறு நிமிட அலகுகளில், அதாவது மணியின் பத்தில் ஒரு பங்காக எழுதப்படுவது வழக்கம். தேதி, யார், எவ்வளவு, என்ன வேலை. 'ஆய்வு, தொலைபேசி, வரைவு: 7.5 மணி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிய பதிவுதான் முதலில் வெட்டுப்படும். 'மேலாளரின் சாட்சியத்துக்கான கேள்விகள் தயாரிப்பு: 2.3' என்பது நிற்கும். ரகசிய ஆலோசனை தெரியாதபடி சில சொற்களைக் கருப்படிக்கலாம். வரி முழுவதையும் கருப்படித்தால் அந்த நேரத்துக்குப் பணம் கேட்க முடியாது.

செலவுகளில் ஒரு கசப்பு. 7701(ஜி)(1)-இன்கீழ் வக்கீல் வழக்கமாகக் கட்சிக்காரரிடம் வசூலிக்கும் நகலெடுப்பு, தபால், தொலைபேசி போன்ற சில்லறைச் செலவுகள் சேரலாம். டெபொசிஷன் (விசாரணைக்கு முன் பதிவுசெய்யும் சாட்சியம்) எழுத்தர் கட்டணம், நிபுணர் சாட்சிக் கட்டணம் சேராது. பாகுபாடு, பழிவாங்கல் வழக்குகளில்தான் இவற்றுக்கு இடமுண்டு. நிபுணரை அமர்த்துமுன் எந்தப் பிரிவில் ஜெயிக்கப்போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

நியாயமான மணிகளை நியாயமான விகிதத்தால் பெருக்கி, பிறகு வெற்றியின் அளவுக்கு ஏற்பத் திருத்துவார்கள். 1983-இன் ஹென்ஸ்லி தீர்ப்பு தந்த முறை இது. ஒரு கற்பனைக் கணக்கு: 80 மணி கேட்டீர்கள், விகிதம் 400 டாலர், மொத்தம் 32,000. நீதிபதி 6 மணியை வெட்டுகிறார். 74 மணிக்கு 29,600. பணிநீக்கம் ரத்தாகாமல் சஸ்பென்ஷனாகக் குறைந்ததால் 20 சதவீதம் கழிக்கிறார், கைக்கு 23,680.

எந்த 6 மணி போயிருக்கும்? நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம், பத்திரிகையாளரோடு பேச்சு, தனியாக ஓடிய பாகுபாட்டுப் புகார், பணியிடக் காயத்துக்கான இழப்பீட்டு மனு ஆகியவை இந்த வழக்கின் வேலை அல்ல. கோப்பை அடுக்கியது, பதிவேற்றியது போன்ற குமாஸ்தா வேலையை வக்கீல் விகிதத்தில் போட்டதும் வெட்டப்படும். இரண்டு வக்கீல்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் ஒருவர் நேரம் கேள்விக்குள்ளாகும். மனு போடுமுன் நீங்களே சிலவற்றை வெட்டிவிட்டு, 'இவற்றைக் கேட்கவில்லை' என்று பட்டியலும் கொடுங்கள். தானே வெட்டியவரின் மிச்சக் கணக்கை நீதிபதி நம்புவார்.

மேல்முறையீட்டுக்கு முந்தைய வேலையை, உதாரணமாக வேறொரு அரங்கில் அதே விவகாரத்துக்காகச் செய்ததை, கேட்க வேண்டுமென்றால் அது பிந்தைய வெற்றிக்குக் கணிசமாக உதவியது, வாரியத்தில் செய்ய வேண்டியிருந்த வேலையை மிச்சப்படுத்தியது என்று காட்ட வேண்டும். தோற்ற வாதங்களுக்கான நேரம் தானாகப் போகாது: அவை வென்ற வாதத்தோடு அதே உண்மைகளைப் பகிர்ந்திருந்தால் சேரும்.

ஃபீஸ் மனு தயாரிக்கவும், துறையின் எதிர்வாதத்துக்குப் பதில் எழுதவும் ஆன நேரத்தையும் கேட்கலாம். பலர் இதை மறக்கிறார்கள். துறையின் பதில் வந்தபின் ஒரு துணைக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

ஃபீஸ் மனு தனிச் சேர்க்கை நடவடிக்கையாக நடக்கும். தனித் தீர்ப்பு வரும். நிர்ணயிக்கப்பட்ட கெடுவுக்குள் துறை பதில் தரும். வாய்மொழி விசாரணை அரிது, பெரும்பாலும் காகிதத்திலேயே முடிவு. துறையின் வக்கீலோடு மனு போட்ட வாரத்திலேயே பேசிப் பாருங்கள்; தகுதி பற்றிச் சண்டையில்லாத வழக்குகளில் தொகையில் சமரசம் சுலபமாக வரும். ஃபீஸ் தீர்ப்புக்கும் அதே 35 நாள் மறுஆய்வு உண்டு. இறுதியான பின்னும் துறை பணம் தராவிட்டால் அமலாக்க மனு போடலாம்.

வாரியத்தில் தோற்று, ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போனவருக்கு வேறு வழி. வாரியம் இறுதி உத்தரவை வெளியிட்டதிலிருந்து 60 நாளுக்குள் அங்கே போக வேண்டும். அங்கே ஜெயித்தால் நீதிமன்ற வேலைக்கான ஃபீஸை, அரசுக்கு எதிராக வென்றவருக்கு ஃபீஸ் தரும் ஈக்வல் ஆக்சஸ் டு ஜஸ்டிஸ் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இறுதித் தீர்ப்பிலிருந்து 30 நாள் கெடு. சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. அரசின் நிலைப்பாடு போதிய நியாயம் உடையது என்று அரசு காட்டிவிட்டால் கிடைக்காது. சட்டத்தில் எழுதிய விகிதம் மணிக்கு 125 டாலர், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படும். வாரிய விகிதத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். வழக்கு வாரியத்துக்கே திரும்பி அனுப்பப்பட்டால் இன்னும் ஜெயித்ததாக ஆகாது, அங்கே என்ன நிவாரணம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக வரி. துறை பணத்தை நேரே வக்கீலுக்கு அனுப்பினாலும் அது பொதுவாக உங்கள் வருமானமாகவே கருதப்படும். 2005-இன் பேங்க்ஸ் தீர்ப்பின் விளைவு இது. சில மாதம் கழித்து, அந்தத் தொகையை வருமானமாகக் காட்டும் 1099 வரிப் படிவம் வரும்போது பதறாதீர்கள். பாகுபாடு, பழிவாங்கல், வேலை உறவுச் சட்டங்களின்கீழ் வரும் வழக்குகளுக்கு, 2004-இல் வந்த சட்டப்படி வக்கீல் கட்டணத்தை மொத்த வருமானத்திலிருந்தே கழிக்கலாம். ஆனால் அந்த வழக்கால் அந்த ஆண்டு வந்த வருமானத்தின் அளவுக்குத்தான். போன வருடம் கையிலிருந்து கொடுத்த ஃபீஸை இந்த வருடத்துத் தொகையில் கழிக்க முடியுமா என்பது சிக்கலான இடம். சம்பள பாக்கி ஒரு வருடத்திலும் ஃபீஸ் அடுத்த வருடத்திலும் விழப்போகிறது என்று தெரிந்தால், சமரசப் பத்திரத்தில் பணம் தரும் தேதிகளை எழுதுமுன் வரிக் கணக்காளரிடம் காட்டிவிடுங்கள்.